உங்கள் உடம்பில் இப்போது மணி என்ன?

பொழுது சாய்ந்ததும் புளியமரத்தின் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு தொங்கிவிடும். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இதை முதன்முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் கிரேக்கர். அலெக்சாண்டரின் கடற்பயணத்தில் வந்த ஆண்ட்ரோஸ்தனிஸ் கி.மு. 4-ம் நூற்றாண்டில் இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தைப் பார்த்தார். அது இரவில் இலைகளை மூடிக்கொண்டது, காலையில் விரித்தது. மரம் தூங்கப் போகிறது என்று அந்தத் தீவுக்காரர்கள் சொன்னார்களாம். அவருடைய வர்ணனை புளியமரத்துக்குத்தான் பொருந்துகிறது என்கிறார்கள் பின்னால் வந்த தாவரவியலாளர்கள்.

வெளிச்சம் போனால் இலை மூடும், வந்தால் திறக்கும். இரண்டாயிரம் ஆண்டுகள் இந்த விளக்கமே போதுமானதாக இருந்தது. 1729-ல் பிரெஞ்சு வானியலாளர் ழான்-ழாக் தே மேரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். செடிக்குச் சூரியன் தெரியவில்லை. ஆனாலும் பகல் நேரத்தில் இலை விரிந்தது, இரவு நேரத்தில் மூடியது. அதாவது நேரம் என்ன என்பது செடிக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கிறது.

அன்றாட வாழ்க்கையைச் சீராக்குவது பற்றிய அத்தியாயத்தில் மரமும் செடியும் எதற்கு என்று கேட்கலாம். நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மனவுறுதியிலிருந்து தொடங்குகின்றன. அதிகாலை 4 மணிக்கு எழு, பட்டியல் போடு, சோம்பலை வெல். அவற்றைப் பின்பற்ற முடியாதவர் தன்னைக் குறைசொல்லிக்கொண்டு பத்து நாளில் விட்டுவிடுகிறார். என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் வேறு. உங்கள் உடம்புக்குள் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்போது விடிகிறது, எப்போது இருட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஒழுங்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த உள்நேரத்தை ஆராயும் துறையில் பெரிய பங்களிப்பு செய்த ஒருவர் நம் மதுரையில் இருந்தார். எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆய்வைக் கட்டி எழுப்பிய பேராசிரியர். ஜெர்மனியின் டூபிங்கனில் உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடியான எர்வின் பூன்னிங்கிடம் பணியாற்றிவிட்டு வந்தவர். அவரும் மாணவர்களும் மதுரைக்குப் பக்கத்து மலைக்குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் ஆழத்தில் எந்நேரமும் ஒரே இருட்டு. அங்கே ஒரு வௌவாலைத் தனியாகக் கூண்டில் வைத்தால் அதற்கு அந்தி எப்போது என்று தெரியுமா?

மற்ற வௌவால்கள் இல்லாத குகையில், கூண்டு வௌவாலின் உள்நேரம் வெளியுலகிலிருந்து நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போனது. ஆயிரக்கணக்கான வௌவால்கள் சுதந்திரமாக வந்துபோகும் குகையில் வைத்தபோது விலகவில்லை. கூட்டம் அந்தியில் கிளம்பும் நேரத்தில் இதுவும் கூண்டுக்குள் சிறகடிக்கத் தொடங்கியது. 1981-ல் வெளியான இந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. உள்ளே கடிகாரம் இருக்கிறது, அது தனியாகவும் ஓடும். ஆனால் தினமும் யாரோ அல்லது ஏதோ ஒன்று அதைத் திருத்திக்கொண்டிருக்காவிட்டால் அது உலகத்தின் நேரத்தோடு ஒத்துப்போகாது. அந்த வௌவாலுக்குச் சுற்றத்தார் எழுப்பிய சந்தடியே போதுமானதாக இருந்தது.

மனிதர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 1962-ல் மிஷெல் சிஃப்ர் என்ற 23 வயது பிரெஞ்சு நிலவியலாளர் கைக்கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்குகை ஒன்றில் இறங்கி இரண்டு மாதம் தனியாக வாழ்ந்தார். எழும்போதும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மேலே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். அவர்கள் அவருக்கு நேரம் சொல்ல மாட்டார்கள். செப்டம்பர் 14 அன்று "முடிந்துவிட்டது, மேலே வாருங்கள்" என்று அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. மனம் கணக்கிட்ட காலத்தில் கிட்டத்தட்ட 25 நாட்கள் காணாமல் போயிருந்தன. தூங்கி எழும் சுற்று மட்டும் 24 மணி நேரத்தை ஒட்டியே ஓடியிருந்தது. அதே காலகட்டத்தில் ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் கிராமத்தில் யூர்கன் ஆஷாஃப் நிலத்தடி அறைகள் அமைத்து, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து ஆராய்ந்தார். மதுரையிலும் இப்படி ஒரு தனிமை அறை கட்டப்பட்டு, கடிகாரமும் சூரியனும் இல்லாமல் மனிதர்கள் தங்கிப் பார்த்தார்கள்.

நிலத்தடி அறைகளில் கிடைத்த முடிவுகளை வைத்து மனித நாள் 25 மணி நேரம் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். தங்கியிருந்தவர்கள் இஷ்டப்பட்டபோது விளக்கைப் போட்டுக்கொள்ள முடிந்தது, அந்த வெளிச்சமே கடிகாரத்தைத் தாமதப்படுத்தியது என்பது பிறகு புரிந்தது. 1999-ல் ஹார்வர்டின் சார்ல்ஸ் சைஸ்லர் குழு மங்கிய ஒளியில் கவனமாக அளந்தபோது கிடைத்த சராசரி 24 மணி 11 நிமிடம். சிலருக்கு அது 24-க்குச் சற்றுக் குறைவு, பலருக்குச் சற்று அதிகம். 11 நிமிடம் அற்பமாகத் தெரியலாம். தினமும் சரிசெய்யாமல் விட்டால் ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். முழுமையாகப் பார்வை இழந்து, ஒளியே உள்ளே போகாத நிலையில் இருப்பவர்கள் பலருக்கு இதுதான் நடக்கிறது. அவர்களுடைய தூக்க நேரம் சில வாரங்களில் பகலுக்கு நகர்ந்து, மறுபடி இரவுக்கு வந்து, மறுபடி விலகுகிறது.

கடிகாரம் எங்கே இருக்கிறது? இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். எப்படி ஓடுகிறது என்பதற்கான தடயம் பழ ஈக்களிடம் கிடைத்தது. 1971-ல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் மூன்று விதமான ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில். அந்த மரபணு ஒரு புரதத்தை உருவாக்குகிறது. புரதம் சேர்ந்து சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உருவாக்கும் மரபணுவையே நிறுத்திவைக்கிறது. பின் புரதம் மெல்லச் சிதைகிறது, தடை நீங்குகிறது, உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 24 மணி. இதை விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப்பட்ட மரபணுதான் நமக்குள்ளும் வேலை செய்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் பலர் மாலை ஏழரை மணிக்கே தூக்கம் தாங்காமல் படுத்து, விடியற்காலை நாலரைக்கு விழித்துவிடுவார்கள். அதே வகை மனித மரபணுவில் ஒரு சிறு மாற்றம் இருப்பது 2001-ல் தெரியவந்தது. சீக்கிரம் எழுந்ததற்காக அவர்களை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. கடிகாரம் அப்படி அமைந்திருக்கிறது.

இந்தக் கடிகாரத்தைத் தினமும் திருத்துவது எது? மனிதருக்கு முதலிடம் வெளிச்சத்துக்குத்தான். 2002-ல் டேவிட் பெர்சன் குழு, விழித்திரையில் ஒரு புதுவகைச் செல் ஒளியை நேரடியாக உணர்வதை நிறுவியது. உருவம் பார்ப்பது இதன் வேலை இல்லை. எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து தலைமைக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். வானத்தின் நீல ஒளியை இது மிகவும் கூர்மையாக உணரும். பார்வையே இல்லாத சிலருக்கும் இந்தச் செல்கள் பிழைத்திருந்தால் கடிகாரம் சரியாக ஓடுகிறது.

இங்கே சற்று நின்று எண்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். டியூப்லைட் எரியும் வீட்டுக் கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ். மேகம் மூடிய பகலில் வெளியே வந்தால் சில ஆயிரம். மரநிழலில் நின்றாலே 10,000 வரை போகும். நேர் வெயிலில் ஒரு லட்சம். பௌர்ணமி நிலவில் 1 லக்ஸ்கூட இல்லை. கண் இந்த வேறுபாட்டைச் சமன்படுத்திவிடுவதால் அறைக்குள்ளும் "நல்ல வெளிச்சம்" என்றே நமக்குத் தோன்றுகிறது. கடிகாரத்துக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஜன்னல் திரையை மூடிய குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுதும் இருப்பவரின் மூளைக்குப் பகல் சரியாக வரவே இல்லை. அவர் இரவு 11 மணி வரை பளிச்சென்ற விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தால் இரவும் சரியாக வருவதில்லை.

நேரமும் முக்கியம். அதே வெளிச்சம் காலையில் பட்டால் கடிகாரம் முன்னே நகர்கிறது. அன்று இரவு தூக்கம் சற்று முன்னதாக வரும். மாலை கழிந்து இரவில் பட்டால் கடிகாரம் பின்னே தள்ளிப்போகும், தூக்கம் தாமதமாகும். இரவு வெளிச்சம் மெலட்டோனின் என்ற ஹார்மோனையும் அடக்கிவைக்கிறது. இருட்டு வந்துவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் அறிவிக்கும் ஹார்மோன் அது.

2013-ல் கென்னத் ரைட் என்ற ஆய்வாளர் கொலராடோ மலைப்பகுதியில் எட்டுப் பேரைக் கோடைக்காலத்தில் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கவைத்தார். கைபேசி இல்லை, டார்ச் இல்லை. பகலில் சூரியன், இரவில் விறகுத் தீ. ஒரே வாரத்தில் அவர்களுடைய மெலட்டோனின் சுரக்கும் நேரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது. மிகவும் தாமதமாகத் தூங்கிப் பழகியவர்களிடம் மாற்றம் அதிகமாக இருந்தது. "நான் ராத்திரி ஆள்" என்று சொல்லிக்கொள்பவர்களில் பலரிடம் அதன் ஒரு பகுதி பிறவிக் குணம், இன்னொரு பகுதி மின்விளக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வாரம் போதும் என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த விஷயம்.

நம் ஊரில் இதற்கு ஒரு கொடுப்பினை உண்டு. சென்னையில் ஆண்டு முழுதும் சூரியன் உதிக்கும் நேரம் ஒரு மணி நேர வரம்புக்குள்தான் மாறுகிறது. வட ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் இருட்டில் எழுந்து இருட்டில் வேலைக்குப் போகிறார்கள், மனச்சோர்வுக்குச் செயற்கை விளக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு டிசம்பரிலும் 7 மணிக்கு மொட்டைமாடியில் வேண்டிய வெளிச்சம் கிடைக்கிறது. ஆகவே நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இருபது முப்பது நிமிடம் வெளியே இருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், அது கண்ணுக்குக் கெடுதல். திறந்த வானத்தின் கீழ் இருந்தால் போதும். காபி டம்ளரோடு வாசலில் நிற்கலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், பால் வாங்க நடந்து போகலாம். இரவு உணவுக்குப் பிறகு கூடத்தின் பெரிய விளக்கை அணைத்துவிட்டு ஒரு சிறு மஞ்சள் விளக்கோடு இருங்கள். இதற்குப் பணம் செலவில்லை.

தூக்கத்தைக் கடிகாரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1982-ல் சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளாக இரண்டு விசைகள் தூக்கத்தை இழுக்கின்றன. ஒன்று கடிகாரம். மற்றொன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இந்த அழுத்தத்தின் ஒரு முக்கியக் காரணம். தூங்கினால் அது குறைகிறது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் படுத்ததும் தூக்கம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

அன்றாடம் நாம் குழம்பும் பல விஷயங்களுக்கு இதில் பதில் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று எட்டரை மணிக்கே விளக்கை அணைத்துப் படுப்போம். தூக்கம் வராது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் கடிகாரம் நம்மை மிகவும் விழிப்பாக வைத்திருக்கும் நேரம். அப்போது படுத்து மல்லாடுவதில் பயனில்லை. காபி, அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் குறைவதில்லை, தெரியாமல் போகிறது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே பெரும்பாலானவர்களுக்கு சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியில் பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. தூக்கம் சரியில்லை என்று சொல்பவர்கள் மாத்திரையைப் பற்றி யோசிக்கும் முன் மாலைக் காபியைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது, உங்களைத் தெரிந்துகொள்ளும் வேலைக்கு வருவோம். மியூனிக்கைச் சேர்ந்த டில் ரோனபெர்க் பல்லாயிரம் பேரிடம் ஓர் எளிய கேள்வி கேட்டுத் தரவு சேர்த்தார். அலாரம் வைக்காத விடுமுறை நாளில் எப்போது தூங்குகிறீர்கள், எப்போது எழுகிறீர்கள்? அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளியே உங்கள் உள்கடிகாரத்தின் நள்ளிரவு. அடுத்த மூன்று வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், அலாரம் வைத்தீர்களா இல்லையா, காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மனநிலை எப்படி இருந்தது என்று மட்டும் எழுதிவாருங்கள். கைக்கடிகாரச் செயலிகள் தேவையில்லை. எதையும் மாற்றவும் வேண்டாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வேலைநாளில் இரவு 11 முதல் காலை 5 வரை தூங்குகிறீர்கள். நடுப்புள்ளி 2 மணி. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு 12.30 முதல் காலை 8.30 வரை. நடுப்புள்ளி 4.30. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். சென்னைக்கும் தோஹாவுக்கும் உள்ள நேர வித்தியாசம் அதுவே. ஒவ்வொரு வாரக் கடைசியிலும் தோஹாவுக்குப் பறந்துபோய், திங்கட்கிழமை காலை திரும்பி வந்து நேராக வேலைக்குப் போகும் உடம்பாக உங்கள் உடம்பு இருக்கிறது. திங்கட்கிழமை எரிச்சலுக்கும் அசதிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதிகம் என்றால் ஞாயிறு எழும் நேரத்தை முதலில் முன்னே கொண்டுவாருங்கள், பிறகு காலை வெளிச்சம். படுக்கும் நேரத்தை வற்புறுத்த வேண்டாம். எழும் நேரம் நம் கையில் இருக்கிறது, தூங்கும் நேரம் அப்படி இல்லை.

காலையில் உற்சாகம், இரவில் உற்சாகம் என்ற வேறுபாடு மரபிலும் இருக்கிறது. ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வு, இதோடு தொடர்புடைய 351 மரபணு இடங்களைக் காட்டியது. பெரும்பாலானவர்கள் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். ஆகவே விடியற்காலையில் எழுபவரே ஒழுக்கமானவர், தாமதமாக எழுபவர் உருப்படாதவர் என்று எடைபோடுவது தவறு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் நம் பிள்ளைகள்.

பருவ வயதில் உடல் கடிகாரம் ஆண்டுக்கு ஆண்டு பின்னே தள்ளிப்போகிறது. சுமார் 20 வயதில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது. கைபேசி இதை மோசமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் மூலகாரணம் வளர்ச்சி. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பதினொன்றரைக்கு முன் தூக்கம் வராத ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை ஐந்தரை மணி டியூஷனுக்காக ஐந்துக்கு எழுப்பினால், கணக்கு நமக்கே தெரியும். இழப்பது பெரும்பாலும் விடியற்காலையில் வரும் கனவுத் தூக்கத்தை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. மாணவர்கள் இன்னும் தாமதமாகப் படுத்துக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிஃபோர்னியா 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே வைத்திருக்கிறது. படித்ததை மூளை பதித்துவைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தைப் பறித்து மதிப்பெண் வாங்கவைக்கும் பழக்கத்தை நம் பள்ளிகளும் பெற்றோரும் விட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மத்தியானத் தூக்கம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சென்னையில் நடந்தது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குத் தட்டச்சு வேலை கொடுத்து, கையில் அளவி கட்டி, தூக்கத்தை அளந்தார்கள். இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, சத்தம், நெருக்கம் என்று தூக்கம் இரவெல்லாம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு பிரிவினருக்குக் கண்மூடி, காதடைப்பான், மின்விசிறி போன்றவையும் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநலத்திலோ குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. வேறொரு பிரிவினருக்கு வேலையிடத்தில் மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தார்கள். வேலைத்திறன், கவனம், மனநிறைவு மூன்றும் கூடின. கலைந்த தூக்கத்தை நீட்டுவதைவிட, கலையாத சிறு தூக்கம் நன்மை செய்திருக்கிறது.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறது பழமொழி. ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் மதியம் ஒரு சரிவு வருகிறது. அது கடிகாரத்தின் வேலை, சோறு அதைக் கூட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள், 3 மணிக்கு மேல் படுக்காதீர்கள். நீண்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனக்கும். இரவுத் தூக்க அழுத்தமும் கரைந்துவிடும்.

கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், கணையம், தசை எல்லாவற்றிலும் இருக்கிறது. 2000-ல் ஜெனீவாவின் உவேலி ஷிப்லர் குழு, இரவில் தின்னும் எலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தது. சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் பகலுக்குத் திரும்பிவிட்டது, மூளையின் கடிகாரம் அசையவில்லை. ஒரே உடம்புக்குள் இரண்டு ஊர் நேரம். நமக்கும் மாலைக்குப் பிறகு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. அதே நான்கு இட்லி காலை 8 மணிக்கு ஏற்றும் சர்க்கரையைவிட இரவு 10 மணிக்கு அதிகம் ஏற்றும். நீரிழிவு இத்தனை வீடுகளில் இருக்கும் நம் ஊரில், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பது அக்கறையோடு செய்ய வேண்டிய மாற்றம்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினால் பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-ல் எழுதிய நூலிலிருந்து பரவிய எண். நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக அவ்வளவு நாள் பிடிப்பதாக அவர் கவனித்திருந்தார். லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்து அளந்தபோது, ஒரு செயல் தன்னிச்சையாக வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை. அவர்கள் புதிய செயலை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக்கொண்டார்கள், "காலை உணவுக்குப் பிறகு" என்பது மாதிரி. பல் தேய்த்ததும் மாடிக்குப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் மறுநாள் போங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இரவுப் பணி செய்யும் செவிலியருக்கும் காவலாளிக்கும் ஓட்டுநருக்கும் "சூரியனோடு எழுங்கள்" என்று சொல்வது கொடுமை. கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் 2019-லும் வகைப்படுத்தியது. அவர்கள் வீட்டில் பகலில் அறையை இருட்டாக்கிக் கொடுப்பதும், அழைப்பு மணியை நிறுத்திவைப்பதும் மற்றவர்களின் கடமை. வாரத்துக்கு மூன்று நாளுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உரத்த குறட்டையும் பகலில் தாங்காத தூக்கமும் சேர்ந்திருந்தாலும் அப்படியே. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் பரிந்துரைக்கப்படுவது நடத்தை சார்ந்த உளச்சிகிச்சை. கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

இன்னொரு கூட்டத்தினரும் இருக்கிறார்கள், நம் வீடுகளிலேயே. பின்தூங்கி முன்னெழுபவள் என்று பெண்ணைப் புகழ்ந்து பழகிவிட்டோம். ஒருவருடைய தூக்கத்தை இரண்டு பக்கமும் நறுக்குவதைத்தான் இப்படிப் புகழ்ந்திருக்கிறோம். 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த வேறுபாடு இருக்கும்வரை "உங்களுக்கான ஒழுங்கை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை வீட்டில் பாதிப் பேருக்குப் பயன்படாது. ஆகவே இதைப் படிக்கும் ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை முதல் காலையில் பால் காய்ச்சுவதையும் பிள்ளையின் டிபன் டப்பா கட்டுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பாத்திரம் கழுவுவதையும் எடுத்துக்கொண்டால், உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும்.